ஈரக்காற்று ஊரில் பழைய பிரைம் லென்ஸ் வாங்குவது எப்படி?

மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் கோயில்களில் திருவிழா என்றால், படம் எடுக்க வேண்டிய நேரம் இருட்டிய பிறகுதான் வரும். கரகம் புறப்படும்போது மணி ஏழு தாண்டியிருக்கும். நம் நாட்டில் அந்தி நெடுநேரம் நிற்காது. செம்பனைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டால் அரை மணிக்குள் எல்லாம் இருட்டு. அப்புறம் மிஞ்சுவது அகல்விளக்கு, தீச்சட்டி, பந்தல் காலில் கட்டிய இரண்டு மூன்று டியூப் லைட். கேமராவோடு வந்த சூம் லென்ஸை வைத்துக்கொண்டு அங்கே நின்றால் படம் கலங்கிப்போகும். ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியை உணரும் திறனை, ஏற்றினால் மணலை அள்ளித் தூவியதுபோல் புள்ளி விழும். ஃப்ளாஷ் அடித்தால் அம்மன் முகத்தில் ஆடிக்கொண்டிருந்த விளக்கொளியே போய்விடும்.

இதற்குக் கைக்கு எட்டும் விலையில் இருக்கும் நல்ல வழி, ஃபிலிம் காலத்து வேகமான பிரைம் லென்ஸ். பிரைம் என்றால் சூம் கிடையாது, ஒரே குவியத் தூரம். வேகம் என்பது வாய் அகலத்தைச் சொல்வது. அதைக் குறிப்பது எஃப் எண், எண் சிறியதானால் வாய் அகலம். அகலமாகத் திறக்கும் லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விடுவதால் ஷட்டரை வேகமாக வைக்கலாம். அதே லென்ஸை அப்பா காலத்து ஃபிலிம் கேமராவிலும் போடலாம், அடாப்டர் வைத்து இன்றைய மிரர்லெஸ் கேமராவிலும் போடலாம்.

நான் முதன்முதலில் வாங்கியது ஒரு 50 மி.மீ. எஃப் 1.4. இணையத்தில் பார்த்து, 1.4 என்ற எண்ணில் மயங்கி, விற்றவர் ‘கண்ணாடி சுத்தம்’ என்று எழுதியதை நம்பிப் பணம் கட்டினேன். பொட்டலத்தைப் பிரித்தால் வெளியே பளபளப்பு. டார்ச்லைட்டைப் பின்பக்கம் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: உள்கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவரை சிலந்தி நூல்போல் வெள்ளைக் கிளைகள். பூஞ்சணம். சுத்தம் செய்யக் கொடுத்தேன். பூஞ்சணம் போனது, ஆனால் அது அரித்துத் தின்ற கண்ணாடிப் பூச்சு திரும்பவில்லை. விளக்கு இருக்கும் பக்கம் திருப்பி எடுத்த படமெல்லாம் பால் கலந்ததுபோல் வெளுத்தது. அதற்கடுத்து, அதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கிய 55 மி.மீ. எஃப் 1.8தான் இன்றுவரை என் கேமராவில் இருக்கிறது.

அதனால் எனக்கு முக்கியம் முதலில் கண்ணாடியின் நிலை, அடுத்து மவுண்ட் (லென்ஸ் கேமராவில் பொருந்தும் வாய்), கடைசியில்தான் எஃப் எண். ஆனால் வேலை செய்யும் வரிசை வேறு. வீட்டில் உட்கார்ந்தே முடிவு செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றை முதலில் முடித்துவிட்டுக் கடைக்குக் கிளம்புவோம்.

லென்ஸுக்கு முன் பாடி

கையில் என்ன கேமரா இருக்கிறது, இனி எந்த ஃபிலிம் கேமரா வாங்க எண்ணம், இந்த இரண்டையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லென்ஸும் ஃபிலிமிலிருந்து குறிப்பிட்ட தூரத்தில் உட்காரும்படி செய்யப்பட்டது. அந்தக் காலத்து எம்42 திருகு மவுண்டுக்கு அது 45.46 மி.மீ., நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5, ஒலிம்பஸ் ஓஎம்முக்கு 46, மினோல்டாவுக்கு 43.5, கேனன் எஃப்டிக்கு 42. இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் நடுவே கண்ணாடி ஆடி இல்லாததால் இந்தத் தூரம் மிகவும் குறைவு: சோனி இ மவுண்டில் 18, ஃபியூஜி எக்ஸில் 17.7, நிக்கான் இசட்டில் 16, கேனன் ஆர்எஃப்பில் 20. மிச்சமிருக்கும் இடைவெளியை நிரப்பும் வெறும் உலோகக் குழாய்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லை. அதனால்தான் மிரர்லெஸ் வைத்திருப்பவர் ஏறக்குறைய எந்தப் பழைய லென்ஸையும் போட முடிகிறது.

டிஎஸ்எல்ஆர், அதாவது நடுவே ஆடி உள்ள டிஜிட்டல் கேமரா, வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். கேனன் ஈஎஃப் மவுண்டின் தூரம் 44 மி.மீ. அதைவிட அதிகத் தூரம் கேட்கும் எம்42, நிக்கான், ஓஎம் லென்ஸ்கள் அதில் சரியாக உட்காரும். ஆனால் அதே கேனனின் பழைய எஃப்டி லென்ஸ் உட்காராது. போட்டாலும் தொலைவில் இருப்பது ஃபோக்கஸ் ஆகாது. நிக்கான் டிஎஸ்எல்ஆர் என்றால் நிக்கானின் பழைய லென்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கண்ணாடி வைத்த அடாப்டர்கள் விற்கிறார்கள் என்றாலும், நல்ல லென்ஸுக்குப் பின்னால் மட்டமான கண்ணாடியை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நிக்கானில் இன்னொரு விஷயம்: 1977இல் ஏஐ என்ற மாற்றம் வந்தது. அதற்கு முந்தைய, மாற்றப்படாத லென்ஸைப் பிந்தைய பல பாடிகளில் திருகினால் பாடியின் விளிம்பிலுள்ள சின்னக் கொக்கி உடையும். வாங்கும் முன் ‘ஏஐயா, அதற்கு முந்தியதா’ என்று கேளுங்கள்.

ஃபிலிம் பக்கம் விஷயம் சுலபம். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் இருந்தால் எம்42, கே1000 இருந்தால் பென்டாக்ஸ் கே, கேனன் ஏஇ-1 இருந்தால் எஃப்டி, நிக்கான் எஃப்எம்2 இருந்தால் நிக்கான் ஏஐ. ஃபிலிம் பாடி இன்னும் வாங்காதவர்களுக்கு என் யோசனை எம்42. 1949 முதல் ஜெர்மனி, ஜப்பான், சோவியத் நாடு என்று பல தொழிற்சாலைகள் அந்த ஒரே திருகுக்கு லென்ஸ் செய்தன. அதனால் தேடினால் கிடைக்கும். பென்டாக்ஸ் கே பாடியிலும் மெல்லிய வளையம் ஒன்றைப் போட்டு அதைத் திருகிவிடலாம், இரண்டுக்கும் தூரம் ஒன்றேதான்.

1.4 வேண்டுமா, 1.8 போதுமா?

கணக்காகவே பார்த்துவிடலாம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பக்கத்திலிருக்கும் முகம், ஐஎஸ்ஓ 400. சூம் லென்ஸின் எஃப் 3.5 ஏறக்குறைய 1/5 விநாடி கேட்கும். எஃப் 2 என்றால் 1/15. எஃப் 1.8 என்றால் 1/20. எஃப் 1.4 என்றால் 1/30. 3.5இலிருந்து 1.8க்கு வருவது பெரிய தாவல். 1.8இலிருந்து 1.4க்குப் போவது ஒரு சின்ன எட்டு. டிஜிட்டலில் ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினால் எஃப் 1.8இலேயே 1/160 கிடைத்துவிடும். விளக்கேற்றும் கையைப் பிடிக்க அது போதும்.

அடுத்தது ஃபோக்கஸ். முழு அளவு சென்சாரில் அல்லது 35 மி.மீ. ஃபிலிமில், 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.4இல் திறந்து ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பவரை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 செ.மீ. கண்ணில் பிடித்தால் மூக்கு நுனி மங்கலாகும், காது காணாமல் போகும். தீச்சட்டி ஏந்தி நடந்து வருகிறவரை இருட்டில், கையால் வளையத்தைத் திருப்பி, 3 செ.மீ.க்குள் பிடிப்பது பல வருடப் பழக்கம் உள்ளவர்களுக்கே கடினம்.

எனவே முதல் லென்ஸுக்கு 1.7, 1.8, 2 இவற்றில் ஒன்று போதும் என்பது என் முடிவு. 1.4 நல்ல நிலையில், கட்டுப்படியாகும் விலையில் வந்தால் விடாதீர்கள். எஃப் 1.2ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எடை, விலை இரண்டும் ஏறும், கூடுதலாகக் கிடைப்பது 1.4ஐவிட அரை ஸ்டாப்தான் (ஒளி இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்).

பகல் வெயிலில் இந்த அகலம் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்மேட்டிக், கே1000, ஏஇ-1 எல்லாவற்றிலும் ஷட்டர் அதிகபட்சம் 1/1000. ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டு மதிய வெயிலில் நின்றால் எஃப் 11க்குப் பக்கமாக மூடத்தான் வேண்டும்.

குவியத் தூரத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். முழு அளவு கேமராவுக்கு 50, 55, 58 எதுவானாலும் சரி. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போல நெருக்கும். லயத்து வீட்டுக் கூடத்தில் குடும்பத்தோடு படம் எடுக்கச் சுவர்வரை பின்னால் நகர வேண்டியிருக்கும். இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரில் அது 100 மி.மீ. போல ஆகிவிடும். முகத்துக்கு மட்டும் என்றால் இரண்டிலும் அருமை. கூடமும் வேண்டும் என்றால் 28 அல்லது 35 மி.மீ. தேடுங்கள், அதில் எஃப் 2 வேகம் கேட்டால் விலை கூடும், 2.8இல் சமாதானம் ஆகலாம்.

எந்தப் பெயர்களைத் தேடுவது?

50 மி.மீ. லென்ஸ் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் தரக்குறைவு இல்லை. அந்தக் காலத்தில் எஸ்எல்ஆர் (ஆடி வைத்த ஃபிலிம் கேமரா) வாங்கினால் கூடவே வந்த லென்ஸ் அதுதான், அதனால் எண்ணிக்கை ஏராளம். இந்த லென்ஸ்களின் மூலவடிவம் 1896இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் கணக்கிட்ட பிளானார். அதைச் சீர்திருத்திச் சீர்திருத்தி 1960, 70களில் எல்லாத் தொழிற்சாலைகளும் நல்ல நிலைக்குக் கொண்டுவந்துவிட்டன. பெயருக்காகச் சண்டை போடத் தேவையில்லை.

எம்42இல் நான் முதலில் கைகாட்டுவது ஆசாஹி பென்டாக்ஸின் சூப்பர்-டகுமார் 55 மி.மீ. எஃப் 1.8. உள்ளங்கைக்குள் அடங்கும். ஃபோக்கஸ் வளையம் நல்ல நிலையில் இருந்தால் உறைந்த நெய்யில் கரண்டி போவதுபோல் நகரும். இதன் அண்ணன் 50 மி.மீ. எஃப் 1.4. அதில் ஒரு சங்கதி உண்டு, பிறகு சொல்கிறேன். அடுத்தது சோவியத் நாட்டு ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப் 2, சைஸ் நிறுவனத்தின் பியோட்டார் லென்ஸ் வடிவத்தைத் தழுவியது. ஆளை இரண்டு மூன்று மீட்டரில் நிறுத்தி, பின்னால் செம்பனை ஓலையோ பால்மர இலையோ வரும்படி முழுக்கத் திறந்து எடுத்தால், இலைகளெல்லாம் ஆளைச் சுற்றிச் சுழல்வதுபோல் மங்கும். அந்தச் சுழலுக்காகவே வாங்குகிறார்கள். இதில் அபெர்ச்சருக்கு, அதாவது ஒளி நுழையும் வாய்க்கு, இரண்டு வளையம்: ஒன்றில் எண்ணை நிறுத்தி, மற்றதால் திறந்து மூட வேண்டும். பழக ஒரு நாள் ஆகும்.

நிக்கானில் ஏஐ 50 மி.மீ. எஃப் 1.8, எஃப் 1.4, கேனனில் எஃப்டி 50 மி.மீ. எஃப் 1.4, மினோல்டாவில் எம்டி 50 மி.மீ. எஃப் 1.7. எல்லாமே நம்பி வாங்கலாம். ஒலிம்பஸ் ஸுய்கோவின் முற்கால லென்ஸ்களில் பெயருக்கு முன் ஓர் எழுத்து இருக்கும். அது உள்ளே எத்தனைக் கண்ணாடி என்பதைச் சொல்வது: ஆங்கில அகரவரிசையில் எஃப் ஆறாவது எழுத்து, அதனால் ஆறு கண்ணாடி, ஜி என்றால் ஏழு.

கையில் எடுத்துப் பார்ப்பது

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். மற்றதில் தவறினால் விற்று மாற்றிக்கொள்ளலாம், இதில் தவறினால் பணம் போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போவில் நடக்கும் பசார் காராட் என்ற பழஞ்சாமான் சந்தையில்தான் என் 55 கிடைத்தது. தார்ப்பாயில் பழைய கைக்கடிகாரம், மண்ணெண்ணெய் விளக்கு, சுருள் தொலைபேசி, நடுவே மூடி ஒட்டிப்போன ஒரு டகுமார். சீனப் பெரியவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“பெராப்பா, அங்கிள்?”

“துவா ராத்துஸ். பாராங் பாகுஸ், பாஸ்.”

இருநூறு வெள்ளி, சாமான் நன்றாக இருக்கிறது என்கிறார். நான் பதில் சொல்லாமல் பையிலிருந்து டார்ச்சை எடுத்தேன். அவரும் முகம் சுளிக்கவில்லை. கையைக் குவித்து வெயிலை மறைத்துக் கொடுத்தார். நல்ல வியாபாரி டார்ச்சைப் பார்த்துக் கோபப்படமாட்டார். கோபப்பட்டால் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பார்க்கும் முறை இதுதான். முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றுங்கள். அபெர்ச்சரை முழுக்கத் திறந்து வையுங்கள். நிழலான இடத்துக்கு நகர்ந்து, டார்ச்சைப் பின்கண்ணாடிக்குப் பின்னால் சற்றுச் சாய்வாகப் பிடித்து, முன்பக்கமாகப் பாருங்கள். நேராகப் பிடித்தால் வெளிச்சம் கண்ணைக் கூசும், ஒன்றும் தெரியாது. சாய்வை மெதுவாக மாற்றிக்கொண்டே வாருங்கள். பிறகு லென்ஸைத் திருப்பி, முன்னாலிருந்து ஒளி விட்டுப் பின்பக்கமாகப் பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து தெரியாதது மறுபக்கத்திலிருந்து தெரியும்.

அங்கங்கே தூசி தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஐம்பது வருட லென்ஸில் தூசி இல்லாமல் இருக்காது, படத்தில் அது தெரியவும் செய்யாது. கண்ணாடிக்குள் ஊசிமுனை அளவு காற்றுக்குமிழ் ஒன்றிரண்டு இருந்தாலும் பரவாயில்லை. நூல்போல் கிளைவிட்டுப் போவது, மரத்தின் வேர்போல் பரவுவது, பஞ்சுத் துளிபோல் ஒட்டியிருப்பது, இவை பூஞ்சணம். கண்ணாடி முழுக்கக் குளிர்நாளில் ஜன்னலில் படியும் மூச்சுப்போல் மெல்லிய வெண்மை தெரிந்தால் அது மூட்டம், ஆங்கிலப் பேச்சில் ஹேஸ் என்பார்கள். டார்ச் இல்லாமல் பார்த்தால் தெரியவே தெரியாது, விளக்கைப் பார்த்து எடுக்கும்போது படத்தை வெளுக்கச் செய்யும். ஓரத்தில் வானவில் நிறத்தில் வளையமோ, எண்ணெய் பரவியதுபோல் திட்டோ தெரிந்தால், ஒட்டிவைத்த இரண்டு கண்ணாடிகள் விலக ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். அதைச் சரிசெய்வது பெரிய வேலை. வேண்டாம். கீறலில் முன்கண்ணாடிக் கீறலைவிடப் பின்கண்ணாடிக் கீறல் படத்தை அதிகம் கெடுக்கும், விலை குறைத்தாலும் அதை வாங்காதீர்கள்.

அடுத்து அபெர்ச்சர் இதழ்கள். வளையத்தை 16 வரை திருப்பி, பின்னால் உள்ள ஊசியையோ நெம்பையோ விரலால் தட்டிவிடுங்கள். இதழ்கள் ‘டக்’கென்று மூடி ‘டக்’கென்று திறக்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால், அல்லது இதழில் ஈரம்போல் பளபளப்பு தெரிந்தால், கிரீஸ் உருகி இறங்கியிருக்கிறது. டிஜிட்டலில் நீங்களே எண்ணை நிறுத்தி எடுப்பதால் சமாளித்துவிடலாம். ஃபிலிம் எஸ்எல்ஆரில் ஷட்டர் திறக்கும் அந்தக் கணத்துக்குள் இதழ்கள் மூடியாக வேண்டும். தாமதித்தால் ரோல் முழுக்க ஒளி கூடிப்போகும். ஹீலியோஸ் 44-2க்கு இந்த ஊசி கிடையாது, வளையத்தைத் திருப்பி இதழ்களைப் பார்த்தால் போதும். பழைய எஃப்டி லென்ஸ் வெறும் கையில் மூடாவிட்டால் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். பாடியிலோ அடாப்டரிலோ பூட்டினால்தான் அது இயங்கும்.

ஃபோக்கஸ் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்புங்கள். ஒரே சீராக நகர வேண்டும். நடுவில் கடினமாகிப் பிறகு இளகினால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது. முன்பகுதியைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள், கடகடவென்றால் வேண்டாம். ஃபில்டர் திருகும் விளிம்பு நசுங்கியிருந்தால் எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. கடைசியாக உங்கள் கேமராவிலேயே மாட்டி, முழுக்கத் திறந்து, எதிரே இருக்கும் கடைப் பலகையின் எழுத்தை எடுத்துத் திரையில் பெருக்கிப் பாருங்கள். ஒரு பக்க எழுத்து தெளிவாகவும் மறுபக்கம் கரைந்தும் இருந்தால், முதலில் நீங்கள் நேராக நின்றீர்களா என்று பார்த்து இன்னொன்று எடுங்கள். மறுபடியும் அப்படியே வந்தால் கண்ணாடி ஏதோ சாய்ந்திருக்கிறது.

அன்று பெரியவரிடம் “போலே கூராங்?”, குறைக்கலாமா என்று கேட்டேன். நூற்று அறுபதுக்குக் கொடுத்தார்.

இணையத்தில் வாங்குவதென்றால் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் எடுத்தது, முன்னாலிருந்து அடித்துப் பின்பக்கம் எடுத்தது, வெள்ளைத் தாளின் மேல் லென்ஸை நிறுத்தி மேலிருந்து எடுத்தது. முடிந்தால் இதழ்கள் தட்டுவதைக் காணொளியாகக் கேளுங்கள். ‘கண்ணாடி சுத்தம்’ என்ற எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

மஞ்சள் லென்ஸ்

வெள்ளைத் தாளில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சூப்பர்-டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4இன் முதல் வடிவத்துக்குப் பிறகு வந்த ஏழு கண்ணாடி வடிவத்திலும், சில 55 மி.மீ. எஃப் 1.8 லென்ஸிலும் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. ஒளியை நன்றாக வளைக்க அப்படிச் செய்தார்கள். தோரியம் மெல்லிய கதிரியக்கம் உள்ளது; வருடக்கணக்கில் அந்தக் கண்ணாடியைத் தேநீர் நிறத்துக்கு மாற்றிவிடும். கேமராவில் மாட்டிப் படம் எடுக்க அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியைப் பிரித்து உரசுவது, தலைமாட்டில் வைத்துத் தூங்குவது எல்லாம் வேண்டாம்.

மஞ்சளைப் போக்குவது வெயில். வெயிலில் உள்ள புறஊதா ஒளி அந்த நிறத்தை மெல்ல வெளுக்கச் செய்யும். காலை வெயில் விழும் ஜன்னலில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் என்று பல நாள் வைத்து எடுங்கள். மறுமுனையை அலுமினியத் தாளால் மூடியே வையுங்கள். லென்ஸ் சூரியனைக் குவித்து ஜன்னல் திரையைப் பற்றவைத்துவிடும், இது விளையாட்டில்லை. உச்சி வெயிலில் விடாதீர்கள், கிரீஸ் உருகும். கருப்பு வெள்ளை ஃபிலிம் மட்டும் எடுப்பவர் அந்த மஞ்சளோடே எடுக்கலாம், லேசான மஞ்சள் ஃபில்டர் போட்டதற்குச் சமம்.

அடாப்டர் மாட்டியதும்

எம்42 லென்ஸின் பின்னால் ஓர் ஊசி நிற்கும். அந்த ஊசியை அழுத்தும் உள்விளிம்பு இல்லாத அடாப்டர் என்றால், எண்ணை எங்கே வைத்தாலும் லென்ஸ் திறந்தே கிடக்கும். டகுமாரில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு சின்ன விசை இருக்கிறது, மேனுவலில் வையுங்கள். விசை இல்லாத லென்ஸ் என்றால் ஊசியை அழுத்தும் அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். எஃப்டி அடாப்டரில் பூட்டும் வளையம் ஒன்று இருக்கும். அதைத் திருப்ப மறந்தாலும் இதே கதைதான்.

கேமரா மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்ற பொருளில் உள்ள அமைப்பைத் திறந்துவிடுங்கள். மின்தொடர்பு இல்லாததால் கேமரா லென்ஸையே உணராது, ஷட்டர் அழுத்தினாலும் எடுக்காது. முதல் நாள் பலரும் லென்ஸ் பழுது என்று பயப்படுவது இதனால்தான். பாடியில் நடுக்கத்தைத் தடுக்கும் வசதி இருந்தால் குவியத் தூரத்தை நீங்களே பதியுங்கள். ஃபோக்கஸ் ஆன விளிம்பை வண்ணத்தில் காட்டும் பீக்கிங் வசதியை ஏறக்குறையக் குறிவைக்க மட்டும் வையுங்கள். எஃப் 1.8இல் அதை முழுக்க நம்பாமல், கண்ணைப் பெருக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். மலிவான அடாப்டர்கள் ஒரு முடி அளவு குட்டையாக இருக்கும், அதனால் வளையம் முடிவிலியையும் தாண்டிப் போகும். நிலாவை எடுக்க வளையத்தைக் கோடிவரை தள்ளாமல், பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

முதல் வாரம் டிஜிட்டலில் மட்டும் எடுங்கள். மேசையில் ஒரு புட்டியை வைத்து, ஒரு மீட்டரில் நின்று, 1.8, 2.8, 4, 5.6 என்று வரிசையாக எடுத்துப் பாருங்கள். முழுக்கத் திறந்தபோது வெளிச்சமான இடங்களைச் சுற்றி ஒரு மென்மை தெரியும், 2.8இல் அடங்கும், 4இல் நறுக்கென்று ஆகும். பிறகு செம்பனை ஓலைக்கடியில் நின்று மேல்நோக்கி எடுங்கள். ஓலையிடுக்கில் தெரியும் வானத்தைச் சுற்றி ஊதா விளிம்பு வரும், நிழல் வெளுக்கும். பழைய பூச்சின் இயல்பு அது. அங்கே 4க்கு மூடுங்கள், லென்ஸுக்கு ரப்பர் ஹூட் ஒன்று வாங்கி மாட்டுங்கள். உங்கள் லென்ஸ் எந்த எண்ணில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இப்படிச் செலவில்லாமல் தெரிந்துகொண்ட பிறகே ஃபிலிம் போடுங்கள். இன்றைய ஃபிலிம் விலையில் 36 படத்தைச் சோதனைக்கு இறைக்க மனம் வராது.

இரவுத் திருவிழாவுக்கு இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் என்ற கருப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு, 400 ஃபிலிமை 1600 என்று வைத்து எடுக்கலாம். கழுவக் கொடுக்கும்போது ‘இரண்டு ஸ்டாப் புஷ்’ (அதற்கேற்பக் கூடுதலாகக் கழுவுவது) என்று மறக்காமல் எழுதிக் கொடுங்கள். அப்போது மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எஃப் 1.8க்கு 1/80 கிடைக்கும். வளையத்தை ஒன்றரை மீட்டரில் நிறுத்திவிட்டு, வளையத்தைத் திருப்பாமல் உடம்பை முன்னும் பின்னும் லேசாக அசைத்து ஃபோக்கஸ் பிடியுங்கள். ஓடிவரும் பூசாரிக்கு இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

வீட்டில் வைத்திருப்பது

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80 விழுக்காட்டைத் தாண்டும். 60, 65க்கு மேல், இருட்டில், காற்றோட்டமில்லாமல் கிடந்தால் பூஞ்சணத்துக்கு அது போதும். தோல் உறை, கேமராப் பை, துணி அலமாரி மூன்றும் லென்ஸுக்கு ஆகாத இடம். தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அரிசி டின்னில் போட்டு வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அரிசித் தூள் வளையத்துக்குள் போகும், அரிசியிலேயே ஈரம் உண்டு.

மின்சார ட்ரை கேபினெட் வாங்க முடிந்தால் 45க்குப் பக்கம் வையுங்கள். முடியாவிட்டால் ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி, ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று. நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தெடுத்து, ஆறியதும் திரும்பப் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள், நீல நிறத்துக்குச் சேர்க்கும் கோபால்ட் உப்பு நஞ்சு. பூஞ்சணம் பிடித்த லென்ஸ் ஏதாவது இருந்தால் அதற்குத் தனிப் பெட்டி. ஏர்கான் அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் போனால் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும், பையை மூடியபடியே அரை மணி வெளியில் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்வது லென்ஸைப் பார்ப்பதுதான். கற்பூரப் புகை முன்கண்ணாடியில் மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டிருக்கும், விளிம்பில் விபூதி உட்கார்ந்திருக்கும், கரகம் வரும் வழியில் நின்றிருந்தால் மஞ்சள் நீர்த்துளியும் இருக்கும். முதலில் ரப்பர் ஊதியால் தூளை ஊதிவிடுகிறேன். தூளோடு துடைத்தால் கீறல் விழும். பிறகு மைக்ரோஃபைபர் துணியில் லென்ஸ் திரவம் ஒரு சொட்டு, நடுவிலிருந்து வெளியே வட்டமாக. மஞ்சள் கறை வளையத்தின் ரப்பர் வரிகளில் ஏறினால் பஞ்சுக் குச்சியால் எடுத்துவிடுகிறேன். ஒரு மணி நேரம் காற்றாட வைத்து, மூடி போட்டு, பெட்டிக்குள். போன மாதம் தீமிதி முடிந்த இரவு அப்படி வைத்தபோது ஈரமானி 47 காட்டியது.